ஒப்பிக்கத் தெரியாத புருஷன்

பொன்னேரி ஸ்டேஷனுக்கு எதிரே வாடகை சைக்கிள் கடை வைத்திருந்த அப்துல் வாஹித் ஒரு கதைப் பைத்தியம். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வாரப் பத்திரிகைக் கட்டு வந்து இறங்கினால் போதும், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். சைக்கிளுக்கு வந்தவர் காத்திருந்தால் காத்திருக்கட்டும். வாங்கிய இதழைக் கடையில் பிரிக்கவும் மாட்டார். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பாடும் ஆன பிறகு, மனைவி ஆரிபாவை எதிரே உட்காரவைத்து உரக்கப் படிப்பார். ஆரிபா குர்ஆனைக் கடகடவென்று ஓதுவாள், தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. எட்டு வருஷமாக இதுதான் அந்த வீட்டுச் சினிமா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் ஆரிபாவுக்கு டைபாய்டு வந்தது. இருபத்தோரு நாள் ஜுரம், ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் விழித்தபோது பழவேற்காட்டில் பிறந்து வளர்ந்த வீடு நினைவிருந்தது, அம்மா நினைவிருந்தது, அண்ணன் முஸ்தபா நினைவில் இருந்தான். கல்யாணமும் அதற்குப் பிறகு வந்த எட்டு வருஷமும் சுத்தமாக அழிந்துபோய்விட்டன. வாஹித் கஞ்சிக் கிண்ணத்தோடு கிட்டே போனால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இவர்தான் உன் புருஷன் என்று அண்ணன் சொன்னதால் கூடவே வீட்டுக்கு வந்தாள். வந்து, அடுப்படியிலேயே ஒண்டிக்கொண்டாள்.

பாவம், மனுஷன் என்னதான் செய்வார்? வெள்ளிக்கிழமை வந்ததும் பழையபடி பத்திரிகையைப் பிரித்து, யாரும் எதிரே இல்லாமலே உரக்கப் படித்தார். இரண்டாவது வாரம் ஆரிபா கதவோரம் வந்து நின்றாள். மூன்றாவது வாரம் உட்கார்ந்தாள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அவளுக்கு முக்காடு ஞாபகம் வராது. அல்லா காட்டிய வழி என்று வாஹித் பூரித்துப்போனார்.

கதை, அப்போதுதான் ஆரம்பித்திருந்த ஒரு விஞ்ஞான மர்மத் தொடர். கண்ணாடிக் குழாயும் விளக்குமாக ஓர் இயந்திரம். அதைத் தலையில் மாட்டினால் மனிதனுடைய ஞாபகமெல்லாம் குழாய்க்குள் இறங்கிவிடும். ஏழாவது வாரம் படித்துக்கொண்டே போனவருக்கு, கண் அடுத்த பத்திக்கு முந்தி ஓடியதில் நாக்கு ஒட்டிக்கொண்டது. இயந்திரம் செய்த டாக்டர், விமலா என்ற பெண்ணின் ஞாபகத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, அவள் விழித்ததும் "நான்தான் உன் கணவன்" என்கிறான். ஊரும் நம்புகிறது, அவள் கூடப்பிறந்தவனும் நம்புகிறான். வாஹித் சட்டென்று இதழை மூடி, 'தொடரும்' போட்டுவிட்டார்கள் என்றார்.

இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருந்ததை ஆரிபா பார்த்துவிட்டாள். எழுத்து தெரியாவிட்டால் கண்ணும் தெரியாதா? எதிர்வீட்டுக் கன்னியம்மா எட்டாவது வரை படித்தவள். அவளிடம் இதழைக் கொண்டுபோய் மீதியைக் கேட்டுவிட்டு வந்தாள். மறுநாளே, அண்ணன் வந்து என்னைக் கூட்டிப்போகட்டும் என்று பழவேற்காட்டுக்குச் சொல்லியனுப்பினாள்.

வாஹித்துக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. இப்போது போனால் திரும்பி வரவே மாட்டாள். கோபமெல்லாம் கதாசிரியர் மேல் பாய்ந்தது. ஒரு தபால் கார்டு வாங்கி எழுதினார்: "ஐயா, தங்கள் தொடர் வெகு ஜோர். ஆனால் அதனால் என் குடித்தனம் கெடுகிறது. அருள்கூர்ந்து அடுத்த வாரமே அந்த டாக்டரை நிஜப் புருஷன் ஆக்கிவிடவும். இயந்திரத்தை வேறு எதற்காவது உபயோகித்துக்கொள்ளவும்."

கதாசிரியர் அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த இதழில் விமலா அந்த டாக்டரைச் சோதிக்கிறாள். கல்யாணத்தன்று நான் கட்டியது என்ன புடவை, போட்டது எத்தனை வளையல்? அவன் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான், ஒன்றுகூடத் தப்பவில்லை. அவளிடமிருந்து உறிஞ்சியதெல்லாம் அவனிடம்தானே இருக்கிறது! வாஹித் அதைக் கடையிலேயே படித்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார், இதழை வீட்டுக்கே கொண்டுபோகவில்லை. என்ன பிரயோஜனம், கன்னியம்மா தானே ஒன்று வாங்கி ஆரிபாவுக்குப் படித்துக் காட்டிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முஸ்தபா ஜட்காவில் வந்து இறங்கினான். ஆரிபா துணிமூட்டையைத் தயாராகக் கட்டி வைத்திருந்தாள். அண்ணனிடம் தனியாக ஏதோ கேட்டுக்கொண்டாள். பிறகு மூட்டையும் கையுமாக வாசலில் நின்று, முக்காட்டுக்குள்ளிருந்தே வாஹித்தைக் கேட்டாள்.

"நிக்காவன்னிக்கு நான் இன்னா கலர் பொடவை கட்டிக்கினு இருந்தேன்?"

வாஹித் பச்சை என்றார். உடனே, இல்லையில்லை, அரக்கு என்றார். எந்த மாசம் என்றாள். ரஜப் என்றவர், ஷஃபானாகவும் இருக்கலாம் என்றார். வளையலை அவர் எண்ணியதே இல்லை. முஸ்தபா தலையில் அடித்துக்கொண்டான். வாஹித் ஒப்புக்கொண்டுவிட்டார்.

"சத்தியமா நெனப்புல இல்ல, புள்ள. அன்னிக்கு மழை. பிரியாணி வெறகு நனைஞ்சி ஒரே பொகை. எனக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துச்சி. மாப்பிள அழுவுறான்னு எல்லாரும் சிரிச்சாங்கோ. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."



"நீலம். அண்ணன்தான் எடுத்துக் குட்த்துச்சாம், இப்பத்தான் சொல்லிச்சி," என்றாள் ஆரிபா. "எங்கிட்டேந்து நெனப்பைத் திருடிக்கினு போனவனா இருந்தா, கரீட்டா சொல்லியிருப்பான்."

மூட்டையைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். முக்காடு தோளில் நழுவிக் கிடந்தது. அதை அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

"வண்டிய அனுப்பிடுண்ணே. எங்க ஊட்டுக்காரரு இன்னும் நாஷ்டா பண்ணல."