ஞானஸ்நானப் புத்தகத்தில் இரண்டு முறை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள் நான். அந்தத் தலைக்கனம் பதினோரு வயதில் எனக்கு நிறையவே இருந்தது. வங்காளத்துக்குப் பிழைக்க வந்து நாங்கள் இருந்த பவானிபூரில் பஸ் பலகையோ ரேஷன் கார்டோ, எதுவானாலும் அப்பா என்னிடம்தான் நீட்டுவார். அவர் வெள்ளையடிக்கிறவர், கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுவார்.

கான்வென்டில் ஆறாம் வகுப்பில் சேர ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டியிருந்தால் இடமில்லை. நான் பிறந்தபோது வீடு ஊருக்கு வெளியே, பெஹாலாவுக்கு அப்பால் இருந்ததால், அங்கிருந்த பழைய சர்ச்சுக்கு அப்பாவும் நானும் போனோம்.

சுற்றிலும் வயலாக இருந்த காலத்தில் கட்டிய கிராமத்துச் சர்ச் அது. சுவரின் கனம் இரண்டு முழம். ஜன்னல் திட்டில் நான் காலை நீட்டிப் படுக்கலாம். வளைவுகளில் எங்கே சுண்ணாம்பு நிற்காது என்பதுவரை அப்பாவுக்குத் தெரியும். பல வருஷம் அவர் சாரம் கட்டி ஏறிய சுவர்கள் அவை. சுவரில் பதித்த சலவைக் கற்களை நான் உரக்க வாசித்துக்கொண்டே போனேன். எல்லாம் வெள்ளைக்காரப் பெயர்கள். நாலு மாதத்தில் இறந்த குழந்தைக்குக்கூட என் உயரத்துக்கு ஒரு கல். வெள்ளையடித்தவர் பெயர் எங்கே என்று கேட்டேன்.

கரண்ட் போயிருந்தது. சர்ச் குமாஸ்தா ஞானஸ்நானப் புத்தகத்தை ஜன்னலோரம் கொண்டுவந்து பிரித்தார். என் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர் எல்லாம் சரி. பிறந்த வருஷம் மட்டும் மூன்று வருஷம் முந்தி இருந்தது. அதன்படி எனக்குப் பதினாலு வயது. தப்பு என்றேன்.

“ஒங்க மதராஸி ஆளுங்க வருஷத்த எங்க எண்ணுறாங்க,” என்று வங்காளத்தில் சிரித்தார் குமாஸ்தா.

“நாங்க எண்ணுவோம். ஒங்களுக்குத்தான் எழுதத் தெரியல,” என்று அதே வங்காளத்தில் சொன்னேன்.

அப்பா மெல்ல, மூன்று வருஷம் தள்ளிப் பாருங்க பாபு என்றார். அங்கே இருந்தேன். அதே பெயர்கள், சரியான தேதி. குமாஸ்தா இரண்டு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரிப்பு போய்விட்டது. சான்றிதழை எழுதத் தொடங்கினார்.

இடம் கிடைத்துவிடும். ஆனாலும் என் ஆத்திரம் அடங்கவில்லை. ஒருத்தியை இரண்டு தரம் எழுதிவைத்துவிட்டு எங்களைக் கேலி செய்வதா? முதல் வரியை அடிக்கச் சொன்னேன். அவர் அசையாமல் இருக்கவே, மேஜையில் கிடந்த சிவப்புப் பென்சிலை எடுத்து நானே குனிந்தேன்.

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. அதுவரை அவர் என்னை எதற்கும் தடுத்ததில்லை.

“அத அடிக்காதட்டி. அது இருக்கட்டும்.”

பஸ்ஸில் அவர் பக்கம் நான் திரும்பவே இல்லை. படிக்காதவர், அதனால்தான் தப்பைக் கண்டும் பயப்படுகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை எழுதும்போது இப்போது என் மேலேயே கோபம் வருகிறது.

அப்பாவைப் பெற்றவளின் பெயரை மூத்த பெண்ணுக்கு வைப்பது எங்கள் வழக்கம். மூத்தவள் தங்காவிட்டால் அந்தப் பெயர் அடுத்தவளுக்கு. எனக்கு முன்னால் ஒருத்தி பிறந்து நாற்பது நாள் இருந்தாள் என்பதே கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அவளுக்குக் கல் இல்லை, படம் இல்லை. அந்த ஒரு வரிதான்.

அன்று மத்தியானம் சர்ச்சிலிருந்து வீட்டுக்கு வந்ததும் சான்றிதழை அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதைத் தொடவில்லை.

“அந்தப் பழைய வரி இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு, இருக்கு. அப்பா அடிக்க விடல,” என்று கத்தினேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது அப்பாவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். தப்பைக் காப்பாற்றியவருக்கு உபசாரமா என்று நான் சாப்பிடாமல் எழுந்து போனேன்.