சாம்பல் குழாயில் ஒரு வாளித் தண்ணீர்

செட்டியார்பட்டி இருதயம் பதினான்கு வருடம் சாம்பலோடு மல்லுக்கட்டியவர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஒரு நூல் மில்லுக்குச் சொந்தமாக, நிலக்கரியில் ஓடும் சின்ன மின்நிலையம் இருந்தது. பாய்லருக்கு அடியில் விழும் சாம்பலை வாரித் தள்ளுவண்டியில் ஏற்றுவதுதான் அவருக்கும் கூட இருந்த ஐந்து பேருக்கும் வேலை. வாருவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுவார்கள். ஊற்றாவிட்டால் தூசி பறந்துபோய் நூலில் படியும். சூப்பர்வைசர் வந்து வறுத்தெடுத்துவிடுவார்.

தொண்ணூற்றிரண்டில் புது ஏற்பாடு வந்தது. சாம்பலைக் காற்றாலேயே உறிஞ்சி, தூரத்துத் தொட்டியில் கொண்டுபோய்க் கொட்டும் இரும்புக் குழாய். சாம்பல் காய்ந்தே இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு இரண்டு ஆள் போதும். மற்ற நான்கு பேரும் நிலக்கரி சுமக்கத் தினக்கூலியாகப் போக வேண்டியதுதான். ஒரு வார வெள்ளோட்டம் முடிந்து சனிக்கிழமை அந்த இரண்டு பேரின் பெயரைச் சொல்வதாக இருந்தார் என்ஜினீயர் சௌந்தரபாண்டியன். மூத்தவர் என்பதால் இருதயத்தின் பெயர் நிச்சயம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவரும் அதை வீட்டில் சொல்லிவிட்டார், அவசரக்குடுக்கை.

மூன்றாம் நாள் காலை குழாய் அடைத்துக்கொண்டது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரச் சாம்பல் கல்லாக இறுகிக் கிடந்தது. அந்த ஆறு பேரில் ஒருவனான சேத்தூர் பேச்சிமுத்து வேலைக்கு வந்து ஒரு மணி நேரத்தில் நடந்ததால் பழி அவன் தலையில் விழுந்தது. அவனை வேலையை விட்டே நிறுத்தப் போவதாக என்ஜினீயர் சொன்னார்.

இரவு வேலை முடிந்தும் இருதயத்தை வீட்டுக்கு விடாமல் குழாயைச் சுத்தம் பண்ண வைத்திருந்தார்கள். தன் ஷிப்டு முடிகிற நேரத்தில், கைப்பழக்கத்தில் ஒரு வாளி ஊற்றியது அவர்தான். மதியம்வரை வாய் திறக்கவில்லை. கடைசியில் எழுந்துபோய் என்ஜினீயர் முன்னால் நின்றார்.

"தண்ணி ஊத்துனது நான்தான் சார். அவன விட்டுருங்க."

என்ஜினீயர் திட்டவில்லை. சனிக்கிழமை வாசித்த பெயர்களில் பேச்சிமுத்து இருந்தான், இருதயம் இல்லை.

அவர் சைக்கிளை எடுக்கும்போது பேச்சிமுத்து பின்னாலேயே வந்தான்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நானும் ஒரு வாளி ஊத்துனேன். சொல்லப் பயந்துட்டேன்."

இருதயத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓங்கி ஓர் அறை விடலாமா என்றிருந்தது. அவனோ அழுதுவிடுகிற மாதிரி நின்றான். தானும் அரைநாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை நினைத்ததும் அவருக்குக் கை எழவில்லை.

"ஏலே, இனிமே ஊத்திராத."