காயலாங்கடையில் ஒரு சர்க்கார் வேலி

எழுபதுகளின் தொடக்கத்தில் நெமிலிச்சேரிக்கு அப்பால் ஒரு பொட்டலில் எனக்குக் காவல் வேலை கிடைத்தது. பழங்காலத்தில் இரும்பு உருக்கிய ஊர் அது. தோண்டிப் பார்த்தவர்கள் அப்படியே பாதுகாக்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று மண் உலைகள், முழங்கால் உயரத்துக்கு வீட்டுச் சுவர்கள், குவியல் குவியலாக இரும்புக் கசடு. சுற்றிலும் புத்தம்புது இரும்பு வேலி.

முதல் நாளே வேலியின் கேட்டைக் காணோம்.

"இன்னொரு கம்பி போச்சுன்னா நீயும் வீட்டுக்குப் போயிடு" என்றார் சூப்பிரண்டு. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம்.

அம்பத்தூரில் கம்பெனிகள் பெருகிவந்த காலம். பழைய இரும்புக்கு ஏகக் கிராக்கி. தேடிப்போனால், பட்டாபிராம் காயலாங்கடை வாசலில் என் கேட் சாய்ந்து நிற்கிறது.

"கோச்சுக்காத நைனா, எவனோ கொண்ணாந்து போட்டான். உன்துன்னா எட்த்துகினு போ" என்றார் கடைக்காரர்.

"அங்க இருக்கிற கசடையும் வாங்குவியா?"

"அத்த எவன் வாங்குவான்? சும்மா குட்த்தாலும் வாணாம். வேலிதான் சோக்கா கீது."

"அந்த வேலியை நான் எங்கேய்யா ஒளிச்சு வைப்பேன்?"

"இங்கியே போடு. எவன் திருடினாலும் விக்கறதுக்கு இங்கதானே வரணும்?"

யோசிக்க யோசிக்க அதில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. மறுநாளே மொத்த வேலியையும் பிடுங்கி அவர் கடையில் அடுக்கினேன். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் சூப்பிரண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார்.

"வேலி எங்கேய்யா?"

"காயலாங்கடையில பத்திரமா இருக்கு சார்."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் உலைகளைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல ஏதாவது காணாம போச்சா?"

"இதை யாரும் சீந்தறதில்ல சார்."

"அப்ப உனக்கு இங்க என்ன வேலை? வேலி எங்க இருக்கோ அங்க போய் உட்காரு."

ஆர்டரும் வந்தது. ஓய்வு பெறும்வரை காயலாங்கடையில்தான் எனக்கு டியூட்டி. "என் கடைக்கு சர்க்கார் காவலு!" என்று கடைக்காரர் ஸ்டூல் போட்டு டீ வாங்கித் தந்தார். ஒருநாள் அவருடைய தராசு களவு போனது. மெமோ எனக்கு வந்தது. அதைப் படித்தபோது அழுகையே வந்துவிட்டது.

புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: எதைக் காக்க வேண்டும் என்று முதல் நாளே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த உலைகளுக்கு அப்புறம் வேலியும் இல்லை, ஆளும் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று போய்ப் பார்த்தேன். ஒரு துண்டுக் கசடுகூடக் குறையவில்லை.