மாமா பாப்பாரப்பட்டிக்குப் போன நாள்

போன ஞாயிற்றுக்கிழமை தர்மபுரியில் என் மாமனாருக்குப் படத்திறப்பு. எண்பத்தோரு வயது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர்.

மைக் பிடித்த எல்லோரும் ‘தங்கமான மனுஷன்’ என்றார்கள். பொய்யில்லை. மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி வாங்கி வந்தால் இன்றைக்கு, நாளைக்கு, மறுநாளைக்கு என்று பழுத்த வரிசையில் பிரித்து வைப்பார். அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபோது மூன்று மாதம் சமையல் அவர்தான். ரசத்துக்குக்கூட செக்லிஸ்ட்!

அடுத்து என்னைப் பேசச் சொன்னார்கள். அந்த ஹாலில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அன்று காலை மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அவள், “சொல்லிடுங்க. அப்பா அவங்க வூட்டுக்கே போய்ச் சொன்னத நாம எதுக்கு மறைக்கணும்?” என்றாள்.

சொன்னேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை. “மாப்ள, வண்டிய எடுங்க. பாப்பாரப்பட்டி வரைக்கும் போய்ட்டு வரலாம்” என்றார் மாமா. விசாரித்து விசாரித்து ஒரு ஓட்டு வீட்டின் முன் நிறுத்தினோம். வெளியே வந்தவர் பெயர் முனியப்பன். அறுபது வயதிருக்கும். வலது கையில் மூன்று விரல்கள் இல்லை.

“என்னை அடையாளம் தெரியுதுங்களா?”

“தெரியாம என்னங்க சார்... உள்ள வாங்க.”

மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“முனியப்பன், அடிபட்ட அன்னிக்கு நீங்க குடிச்சிட்டு வரல. ரெண்டு கையாலயும் பட்டன அமுக்கினாத்தான் அந்த பிரஸ் மெஷின் இறங்கணும். வேலை வேகமா ஆகணும்னு ஒரு பட்டன எடுத்து விட்டிருந்தாங்க, அதனாலதான் உங்க கை உள்ள இருக்கும்போதே இறங்கிடுச்சு. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும், நீங்க குடிச்சிருந்தீங்கன்னு வந்த ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்குப் பயந்து போட்டேன்.”

முனியப்பன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியது அவர் மனைவி.

“இருபத்தாறு வருஷம் கழிச்சு வந்து சொல்றீங்களே... வேலை போச்சு, அதக்கூட வுடுங்க. போதையில மெஷின்ல கைய வுட்டவன்னு ஊரே பேசுச்சு. பெத்த பொண்ணே இவருக்கு முகங்குடுத்துப் பேசறதில்ல. எங்ககிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது?”

மாமா அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டார்: “பொண்ணு எங்க இருக்காங்க?”

“அரூர்ல கட்டிக் குடுத்திருக்கு.”

“போன் போட்டுக் குடுங்க.”

ஸ்பீக்கரில், முகம் பார்த்திராத ஒரு பெண்ணிடம், மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒரு வார்த்தை குறைக்கவில்லை — ‘என் வேலைக்குப் பயந்து’ என்பதையும் சேர்த்து. அந்தப் பக்கத்திலிருந்து உடைந்த குரலில், “போனை எங்கப்பாகிட்ட குடுங்க...”

முனியப்பன் இடது கையால் போனை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் போனார். நாங்கள் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை. அவர் மனைவி வாசல்வரை வந்தார். ‘போய்ட்டு வாங்க’ என்று சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

கார் மெயின் ரோடு ஏறியதும் மாமா, “மன்னிச்சிடுங்கன்னு கேக்காம வந்துட்டேனே மாப்ள” என்றார்.

“வண்டியத் திருப்பட்டுங்களா மாமா?”

“வேணாம். கேட்டா அவங்க ஏதாவது பதில் சொல்லியாகணும். அந்தச் சங்கடம் எதுக்கு அவங்களுக்கு?”

இவ்வளவுதான் சொன்னேன். என் மச்சான் எழுந்து, “அப்பா படத்துக்கு முன்னாடி நின்னு பேசற பேச்சா இது?” என்று கேட்டுவிட்டு வெளியே போனார். இன்னும் என்னோடு பேசவில்லை. அவர் கோபத்தைத் தப்பென்று சொல்ல மாட்டேன். தங்கமான மனுஷனைப் பறிகொடுத்த பதினாறாம் நாள் யாருக்குத்தான் இது தாங்கும்?

கூட்டம் கலைந்ததும் அத்தை கூப்பிட்டனுப்பினார். திட்டு விழும் என்று தயாராகத்தான் போனேன்.

“அந்தாளுக்கு அடிபட்டது எந்த வருஷங்க மாப்ள?”

சொன்னேன். மெல்லத் தலையாட்டினார்.

“உங்க வூட்டுக்காரி பத்தாவது படிக்கறப்ப. ஒரு மாசம் மாமா சரியா சாப்புடல. அல்சருன்னாரு. நானும் நெசம்னு நெனச்சு மோர்சோறாப் போட்டுட்டிருந்தேன்...” கொஞ்சநேரம் படத்தைப் பார்த்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அன்னிக்கே நானும் கூடப் போயிருப்பேனே.”

அந்த வீட்டு வாசலை மிதிக்க மாமாவுக்கு இருபத்தாறு வருஷம் ஆனது. துணைக்கு வர ஒருத்தர் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறார் — மாமா கூப்பிடவே இல்லை.