ஏழு முடிச்சுக் கயிறு

என் வாய் பொல்லாதது என்று பள்ளிபாளையத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே வளர்ந்த வாய். அப்படிப்பட்ட வாய்க்கும் பயப்படாமல் என் தம்பி பதினைந்து வருடம் குடித்தான். விசைத்தறி ஓட்டுகிறவன், கச்சிதமான வேலைக்காரன், சாயங்காலமானால் ஆளே வேறு. பொறுத்துப் பார்த்த அவன் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தம்மம்பட்டிக்கு, தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு வருடம் குடிக்காமல் இருந்து காட்டினால் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

காவிரிப் பாலத்தைத் தாண்டி ஈரோட்டில் ஒரு மனநல டாக்டரிடம் அவனை இழுத்துக்கொண்டு போனேன். என்னைவிட வயதில் சின்னப் பெண். சில நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நடுக்கத்தைத் தணித்தார். அதன்பிறகு தினம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். குடித்தால் வாந்தி வரவைக்கிற மாத்திரை இல்லை இது, குடிக்கத் தோன்றுகிற வேகத்தைக் குறைக்கிற மாத்திரை என்று விளக்கினார். மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டு வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து என்று என்னிடம் தனியாக எச்சரித்தார். தம்பியிடம் சொன்னது வேறு.

"ஒருநாள் தவறிக் குடிச்சிட்டா மறைக்காதீங்க. உடனே வாங்க. நான் திட்ட மாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. குடிக்கலாம் என்று டாக்டரே அனுமதி கொடுப்பதா? வழி நெடுக அதைச் சொல்லியே புலம்பிக்கொண்டு வந்தேன்.

தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து இட்லி தின்றதும் மாத்திரையை நான்தான் கையில் கொடுப்பேன். விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வேன். "தொண்டைக்குள்ளயும் டார்ச் அடிச்சுப் பாத்துக்கக்கா" என்பான். இருவரும் சிரிப்போம். அந்தச் சிரிப்பை நான் எத்தனை வருடம் கழித்துக் கேட்டேன் தெரியுமா! மூன்றாம் மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தவன், "கடை வழியாத்தான் வாரேன். முன்ன மாதிரி இழுக்கலக்கா" என்றான். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

ஏழு மாதம் அப்படிப் போனது. அதன்பிறகுதான் எனக்குப் புத்தி கெட்டது. இன்னும் மாத்திரைதானா என்று தெருவில் கேட்டார்கள். மாத்திரையால் குடிக்காமல் இருப்பது ஒரு சாதனையா என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது. சேலம் பக்கம் ஒரு முனியப்பன் கோயிலில் குடிகாரர்களுக்குக் கயிறு கட்டுவார்கள். சூடத்தின்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டுவார் பூசாரி. ஆடி மாதம் அங்கே கூட்டிப் போனேன். கயிறு கட்டி முடித்ததும், மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைச் சாமி காலடியில் வைத்து எடுத்தேன். பூசாரி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாத்திரையை நிறுத்தியது என் முடிவுதான். கயிற்றையும் கட்டிக்கொண்டு மாத்திரையும் தின்றால் சாமியைச் சந்தேகப்படுவதுபோல் ஆகும் என்று நினைத்தேன்.

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமாக்கா?" என்றான்.

"சாமிக்கு மேலயா உன்ற டாக்டரு?" என்றேன்.

மாத்திரை அட்டைகள் பூஜை அலமாரிக்குப் போயின. ஈரோட்டுக்குப் போவதும் நின்றது.

புரட்டாசி வாக்கில் அவன் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தான். தறிப் பட்டறை வெக்கையில் எல்லோரும் பனியனோடு நிற்க, இவன் மட்டும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்டிருந்தான். அதைக் கேலி செய்தேனே தவிர ஏன் என்று யோசிக்கவில்லை. சாப்பிட வருவதும் குறைந்தது. ஐப்பசியில் ஒரு மத்தியானம் வாசலோடு நின்றான். கண் சிவந்திருந்தது.

"அக்கா, தவறிப்போச்சு. கொஞ்ச நாளாவே."

நான் என்ன சொன்னேன் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். "சாமிகிட்டச் சத்தியம் பண்ணிப்போட்டுக் குடிச்சவனுக்கு இந்த ஊட்டுல சோறில்ல. எம்மூஞ்சில முழிக்காத."

"சரிக்கா. இன்னியோட நிறுத்திப்போடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சொன்னபடியே நிறுத்தினான். டாக்டர் என்னிடம் சொன்ன எச்சரிக்கை அப்போது என் நினைவுக்கே வரவில்லை. என் கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. மூன்றாம் நாள் தறிக்கு முன்னால் வலிப்பு வந்து விழுந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாயங்காலத்துக்குள் போய்விட்டான்.

நர்ஸ் அவன் சட்டையையும், மணிக்கட்டிலிருந்து வெட்டி எடுத்த கயிற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்தார். கட்டும்போது கயிற்றில் இருந்தது பூசாரி போட்ட ஒரே முடிச்சு. இப்போது அதைத் தவிர ஏழு இருந்தன. அறுந்த நூலைச் சேர்க்கத் தறிக்காரர்கள் போடும் சின்ன முடிச்சு அது, விரலால் தடவினால்தான் தெரியும். கயிறு கையில் இருக்கும்போது குடித்தால்தானே சத்தியம் தவறும்? அதனால் ஒவ்வொரு முறையும் குடிக்கப் போகும் முன் அறுத்திருக்கிறான். இனிமேல் வேண்டாம் என்று தோன்றியபோதெல்லாம் முடிச்சுப் போட்டு மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறான். வெறும் மணிக்கட்டு என் கண்ணில் படாமலிருக்கத்தான் அந்த முழுக்கைச் சட்டை.

தம்மம்பட்டியிலிருந்து அவன் மனைவியும் மகளும் வந்து சேரும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆறு முடிச்சுகள் அவன் வேலைபோலவே கச்சிதமாக இருந்தன. ஏழாவது மட்டும் பெரிதாக, தளர்ந்து கிடந்தது. கை நடுங்க நடுங்கப் போட்ட முடிச்சு. என் வாசலிலிருந்து திரும்பிப் போய் அவன் போட்டது அதுதான்.