சாக்கு மூடிய மேசை

என் அக்கா வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு மேசை இருந்தது. ரொம்ப நாள் அதை நான் முழுதாகப் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் அதை நினைத்து எனக்கு எரிந்த வயிறு இருக்கிறதே, அதில் ஒரு பானை சோறு வடித்திருக்கலாம். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அத்தான் பாயா ரும்புட் பக்கம் ராணுவப் பட்டறையில் தச்சு வேலை பார்த்தார். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் அவரிடம் ஒரு ரௌட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார். மரத்தில் பள்ளம் எடுக்கவும் ஓரத்தை வளைவாக இழைக்கவும் உதவும் மின்சாரக் கருவி அது. அத்தான் அதற்கென்று ஒரு மேசை செய்து, அதன் அடியில் ரௌட்டரைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தாராம். மேலே பிட் என்ற வெட்டும் அலகின் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கட்டையைத் தள்ளினால் போதும், நூல் பிடித்த மாதிரி வேலை வரும். ரப்பர் எஸ்டேட்டில் எங்கள் அம்மா வீட்டில் இருந்த சாமி படங்களுக்கெல்லாம் அவர்தான் சட்டம் போட்டார்.

"பெரிய மாப்பிள்ளை கை பட்டா மரம் வெண்ணெய்டி" என்பாள் அம்மா. சின்ன மாப்பிள்ளை என்ற ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருப்பார்.

என் வீட்டுக்காரர் மலாக்கா டவுனில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் குவார்ட்டர்ஸின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் அவரும் மரவேலை செய்வார். ஆபீஸ் ஏலத்தில் அவருக்கும் ஒரு ரௌட்டர் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அதைக் கையில் பிடித்து ஓட்டினால் பாழாய்ப்போன கோடு பாம்பு மாதிரி நெளிந்தது. மேசை வேண்டும். அத்தானுடையதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், நாங்கள் வருவது தெரிந்ததும் மேசைமேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டார்கள். தரைவரை தொங்கும் அரிசிச் சாக்கு.

"கண்ணு பட்டுடும்டி, தப்பா நெனைக்காத லா" என்று சிரித்தாள் அக்கா.

என் கண் கொள்ளிக்கண்ணாம்! திரும்பும் வழியில் சாலைச் சோதனைக்கு நின்ற சிப்பாய் அடையாள அட்டை கேட்டபோது அதை நான் நீட்டிய வேகத்தில் அவனே ஒரு அடி பின்வாங்கினான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். எதிரே என் தையல் மெஷின். அம்மா ரப்பர் மரத்தில் பால்வெட்டிக் காசு சேர்த்து, அக்காவுக்கும் எனக்கும் கல்யாணச் சீராக வாங்கிக் கொடுத்த மெஷின்களில் ஒன்று. வேலை முடிந்தால் அதன் தலையை மடக்கிப் பலகைக்குள்ளேயே இறக்கிவிடலாம். அதற்காகப் பலகையில் ஒரு ஓட்டை உண்டு. அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இந்த ஓட்டையில உங்க ரௌட்டர் தொங்குமா?"

அவர் பதறிப்போனார். "அது உங்க அம்மா குடுத்த சீரு. அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"அவங்க எங்க இங்க வரப் போறாங்க?"

அது உண்மைதான். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. எஸ்டேட்டில் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். நாங்கள்தான் போய்ப் பார்ப்போம். பாஸ் வாங்கி, சோதனைக்கு நின்று வெளியே வர அம்மாவுக்குப் பிடிக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மெஷின் தலையைக் கழற்றிப் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தேன். அவர் ஓட்டையை ரம்பத்தால் பெரிதாக்கினார். வார் ஓடும் சக்கரத்தையும் இழுப்பறையையும் எடுத்தார். மேலே கனமான ஒரு மெரந்தி மரப் பலகையைப் போட்டு, நடுவில் துளையிட்டு, ரௌட்டரை அடியிலிருந்து போல்ட் போட்டு முடுக்கினார். கட்டையை அணைத்துத் தள்ள ஒரு நேர்ச்சட்டம். அடியில் மெஷினின் இரும்புக் கால்களும் மிதிபலகையும் அப்படியே இருந்தன.

முதல் கட்டையை, ரௌட்டரைக் கையில் பிடித்து ஓட்டிய பழக்கத்தில், இடமிருந்து வலமாகத் தள்ளினார். ரௌட்டர் தலைகீழாகத் தொங்கினால் பிட் சுற்றும் திசையும் மாறித் தெரியும் என்பது மனிதருக்குத் தோன்றவில்லை. கட்டை கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பறந்து கோழிக்கூண்டில் விழுந்தது. அப்புறம் வலமிருந்து இடமாகத் தள்ளினார். அடடா, என்ன அழகான பள்ளம்! அக்காவுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. காட்டினால் அம்மா காதுக்குப் போய்விடும் என்பது அடுத்துத் தோன்றியது. நானும் ஒரு சாக்குத் தேடி எடுத்தேன்.

தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊரடங்குக்கு முன்னால் எல்லாரும் வீடு சேர வேண்டும் என்று காலை முகூர்த்தமாகவே பார்த்தார்கள். மணவறைக்கு நாலு தூண் வேண்டும் என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, "எங்க வீட்டுல செய்றோம்" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் ஆளுக்கு இரண்டு என்று முடிவானது.

அதோடு விட்டிருக்கலாம். அம்மா கூறைப்புடவையோடு வந்த ஜாக்கெட் துணியை என் மடியில் வைத்தாள். "பொண்ணுக்கு நீயே தச்சிடு."

என் மெஷின் தலையோ கட்டிலுக்கடியில் கிடந்தது. "அக்கா கை சுத்தமா இருக்கும்மா, அவ தைக்கட்டும்" என்று தள்ளிவிட்டேன்.

அக்கா வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரமே துணி அம்மாவிடம் திரும்பி வந்தது. சின்னவள் தையல்தான் நைஸ் என்றாளாம். பட்டறைக்காரர் பெண்டாட்டிக்கு ஜாக்கெட் தைப்பது கௌரவக் குறைச்சல் போலிருக்கிறது! நான் அதை மறுபடி அவளுக்கே அனுப்பினேன். அவள் மறுபடி எனக்கே திருப்பினாள்.

அம்மா அழுதுவிட்டாள். "ஆளுக்கொரு மெஷின் வாங்கிக் குடுத்தேனே! வர்ற பொண்ணுக்கு ஒரு ஜாக்கெட் தைக்க ரெண்டு பேருக்கும் கை வரலயா? கடையில தச்சதைப் போட்டுக்கிட்டா என் மருமக மணையில உக்காரணும்?"

ஆயுத பூசையன்று துணியை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முகத்தில் எறிந்துவிட்டு வருவதாகத்தான் திட்டம். சொல்லாமல் போனதால் நேரே பின்பக்கம் நுழைந்தேன்.

சாக்கு இல்லை. ஆயுத பூசையில் ஆயுதத்தை மூடிவைப்பார்களா? காலையில் நானும் எங்கள் மேசைக்குச் சாக்கை எடுத்துவிட்டுப் பொட்டு வைத்துத்தான் வந்திருந்தேன். இங்கே மேலே பூச்சரம், பக்கத்தில் வாழைப்பழம், பொரி. கீழே சந்தனமும் குங்குமமும் வைத்த இரும்புக் கால்கள். மிதிபலகை.

அக்கா சூடத்தட்டோடு அப்படியே நின்றாள். என் கையிலிருந்த துணியைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதடி" என்றாள். "நீயாவது உன் மெஷின்ல தச்சிக் குடுத்துடு."

"மெஷின் எங்க இருக்கு? அதுவும் இதே கோலத்துலதான் நிக்குது, பொட்டு வச்சிக்கிட்டு."

கொஞ்ச நேரம் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே கவனித்தேன், அவள் மேசையில் இழுப்பறை அப்படியே இருந்தது. பிட்டுகளை அதில் அடுக்கியிருந்தார்கள். எங்கள் மனிதருக்கு ஏன் இது தோன்றாமல் போனது?

ஊசியும் கத்தரிக்கோலும் பூசையில் இருந்ததால் அன்று தைக்க முடியவில்லை. மறுநாள் எதிரெதிரே உட்கார்ந்து கையாலேயே தைத்தோம், ஆளுக்கொரு பக்கம். அவள் தையல்தான் நெருக்கமாக இருந்தது. நான் இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

கல்யாணத்தன்று காலை நாலு தூணும் கச்சிதமாக நின்றன. அம்மா பெண்ணுக்கு உடுத்திவிட ஜாக்கெட்டை எடுத்தாள். உள்பக்கம் திருப்பி, கைத்தையலை விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு மணவறைத் தூண்களைப் பார்த்தாள். பிறகு எங்களை.

"ரெண்டு மெஷினுமாடி?" என்றாள்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அக்காதாம்மா மொதல்ல" என்றேன் நான்.