பாறை மேல் இரண்டு சோடிச் சப்பாத்து

இரண்டு வருடங்களுக்கு முன், கோடை காலத்தில், ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஒரு சிறிய தீவில் நடந்தது இது. நாங்கள் இருப்பது மொன்றியலில், பியர்பொன்ட்ஸில். எங்கள் நாற்பதாவது திருமண நாளுக்காக மகள் எங்கள் இருவரையும் பத்து நாள் பயணம் அனுப்பியிருந்தாள். அதில் ஒரு நாள் இந்தத் தீவு. வழிகாட்டியோடு காலையில் படகில் போய் மாலையில் திரும்ப வேண்டும்.

மழை வந்தால் என்ன செய்வது, படகு ஆடினால் என்ன செய்வது என்று முதல்நாள் மகளை நான்கு தடவை தொலைபேசியில் அழைத்தேன். "அப்பா, அம்மாவைக் கொஞ்சம் சந்தோசமா இருக்க விடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

படகில் எங்களையும் சேர்த்துப் பதினான்கு பயணிகள். வழிகாட்டி ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண், உரத்த சிரிப்புக்காரி. தீவில் மரமென்று ஒன்றுகூட இல்லை. பாறை, புல், செம்மறியாடு, காற்று, அவ்வளவுதான். என் மனைவிக்கு முழங்கால் நோ. அதைக் கண்டதும் அந்தப் பெண் தன் நடையைக் குறைத்து, கையைப் பிடித்து, மேடு முழுவதும் கூட்டிக்கொண்டு போனாள்.

மேலே ஒரு பள்ளத்துக்குள் பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. கூரை இல்லை. நான்கு சுவர்களும் கல்லில் செதுக்கிய ஒரு சிலுவையும் மட்டும். முக்கால் மணிநேரம் விரும்பிய இடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்று இருபதுக்குப் படகடிக்கு வந்துவிடும்படி சொல்லி அவள் போய்விட்டாள்.

தேவாலய வாசலில் மனைவி நின்றாள்.

"இஞ்சாருங்கோ, சப்பாத்தைக் கழட்டுங்கோ."

"கூரையே இல்லை. ஆட்டுப் புழுக்கை கிடக்குது, பாரும்."

"கூரை இல்லாட்டி சாமியும் இல்லையோ?"

கழற்றினோம். வாசலடியெல்லாம் சேறு. புதுச் சப்பாத்துகள் நனைந்துவிடுமே என்று நான் நாற்பது எட்டு வைத்து மேலே ஏறி, காய்ந்த தட்டைப் பாறை ஒன்றில் இரண்டு சோடிகளையும் வரிசையாக வைத்தேன். காலுறைகளை உள்ளே திணித்து, காற்று கொண்டுபோகாதபடி குடையைக் குறுக்கே வைத்தேன். பாறைக்கு இரண்டு முழம் அப்பால் செங்குத்துச் சரிவு, கீழே கடல். சப்பாத்து விழுந்துவிடாத தூரமா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன்.

உள்ளே காற்றில்லை. மனைவி சுவரோரம் அமர்ந்து மெல்லிய குரலில் தேவாரம் பாடினாள். நான் அவள் பக்கத்தில் சாய்ந்தேன். அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன்; அவளும்தான். விழித்துப் பார்த்தபோது மூன்று முப்பத்தொன்று. பதறி எழுந்து வெறுங்காலோடு வெளியே ஓடினேன்.

மேலே பாறை விளிம்பில் வழிகாட்டிப் பெண் மண்டியிட்டிருந்தாள். எங்கள் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில். பள்ளத்துக்குள் சுவரோரம் கிடந்த எங்களை அங்கிருந்து பார்த்தால் தெரியாது. கீழே கடலைப் பார்த்து எங்கள் பெயர்களைக் கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். படகோட்டி வானொலிக் கருவியில் யாரோடோ அவசரமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அந்தச் சப்பாத்துகள் அவளுக்கு என்ன சொல்லியிருக்கும் என்று.

நான் குரல் கொடுத்ததும் திரும்பிப் பார்த்தாள். ஓடிவந்து, பின்னால் வந்த என் மனைவியைக் கட்டிப்பிடித்து விம்மி அழுதாள். கோயிலுக்குள் சப்பாத்தோடு போவதில்லை என்பதை நான் ஆங்கிலத்தில் இரண்டு தடவை சொன்னேன். மனைவி தன் சால்வையால் அவள் முகத்தைத் துடைத்து, "அழாதை பிள்ளை, ஒண்டுமில்லை" என்று தமிழிலேயே சொன்னாள். அவளும் தலையாட்டினாள்.

படகு எங்களுக்காகக் காத்திருந்தது. மற்றப் பன்னிரண்டு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் தன் சுடுநீர்ப் போத்தலிலிருந்து தேநீர் ஊற்றித் தந்தார். மனைவி என் காதோடு, "சாகப் போறவர் குடையை ஏன் இவ்வளவு பத்திரமா வைச்சிட்டுப் போறார் எண்டு ஆரும் யோசிக்கேல்லை" என்றாள். சிரிக்க முயன்றேன், முடியவில்லை. கரை வரும்வரை வழிகாட்டி எங்கள் இருவருக்கும் நடுவில்தான் அமர்ந்திருந்தாள்.

ஊர் பேர் தெரியாத இடத்தில் இரண்டு கிழங்கள் காணாமற்போனால் யாருக்கு என்ன என்று நான் நினைப்பதுண்டு. காலையில்தான் எங்களைக் கண்ட ஒருத்தி, வாய்க்குள் நுழையாத எங்கள் பெயர்களைத் தப்புந்தவறுமாகக் கடலிடம் கேட்டு அழுததைப் பார்த்த பிறகு, அப்படி நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.